தூங்கு மாலதி, அப்புறம் முடிவெடு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்தது. இங்கே அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பெரியவன் பிளஸ் டூ, வீடே அவன் பரீட்சையைச் சுற்றித்தான் ஓடுகிறது. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பச்சிளம் குழந்தைகள் வார்டில் டாக்டராக இருந்துகொண்டு, குழந்தை இறந்தால்கூட இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை, என் மனசு கல்லாகிவிட்டதா, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் மனசில் எந்தக் கோளாறும் இல்லை. இது வேலை அழுத்தத்தில் ஓய்ந்துபோவது, பர்ன்அவுட் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டபோது மூன்று அடையாளங்களைச் சொன்னார்: உள்ளே வற்றிப்போவது, ஆளைக் கேஸாக மட்டும் பார்ப்பது, என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. மூன்றும் உன் கடிதத்தில் இருக்கின்றன. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விவரித்தபோது நோய் என்று எழுதவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. அப்படியிருக்க, நைட் டூட்டி முடிந்த காலையில் உங்களை உட்காரவைத்து யோகா வகுப்பு எடுத்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

டாக்டராக நான் பார்ப்பது பெரும்பாலும் சளியும் காய்ச்சலும். நீ பார்ப்பது 900 கிராம் குழந்தை, உடம்பில் மொத்த ரத்தமே 80 மில்லி அளவுதான், பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுப்பதற்கும் யோசிக்க வேண்டும். நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்து, மூச்சுக்கு உதவும் சி-பேப் கருவியில் வைத்து, மூளையில் ரத்தக்கசிவு வருமோ குடலில் கிருமி ஏறுமோ என்று வாரக்கணக்கில் காத்த குழந்தை ஒரு ராத்திரியில் போய்விடும். கதவுக்கு வெளியே நிற்கும் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டு நீ உள்ளே திரும்பும்போது அடுத்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மரில் அலாரம் அடிக்கும். உட்கார நேரமே கிடையாது. அந்த அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிப்பதையும் நீதான் பார்க்க வேண்டும். இதில் எந்த இடத்தில் நீ அழுதிருக்க முடியும், சொல்.

மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்பது எஸ்.என்.சி.யு. என்கிற பச்சிளம் குழந்தை சிறப்புப் பிரிவுகளுக்கான விதி. உங்கள் வார்டில் எட்டுக்கு ஒருவர் என்றால் மிச்ச வேலை உன் தலையிலும் அந்தப் பெண்கள் தலையிலும்தான் விழும். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணம், நாட்டு சராசரி 28. இந்த எண்ணை மேடையில் பெருமையாகச் சொல்பவர்கள், அதற்காகக் கண்விழிப்பவர்களுக்கு மறுநாள் லீவு தர வேண்டாமா? நைட் முடிந்தால் ஓ.பி. கிடையாது என்றும், ஒரு குழந்தை இறந்தால் நர்ஸ்களோடு சேர்ந்து பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் எழுத்தில் கேள். தனியாகக் கேட்காதே, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

ராஜினாமாவை இப்போது கொடுக்காதே. முதலில் நீண்ட லீவு போட்டுத் தூங்கு, ஒரு மனநல மருத்துவரைப் பார், அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சாவதே மேல் என்று ஒரு கணம் தோன்றினாலும், எந்த நேரமானாலும் உடனே எனக்குப் போன் செய். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், உன் பி.ஜி. பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைக் கொடு.

லீவு கிடைத்ததும் நேராக இங்கே வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, யாரும் உன்னை எழுப்ப மாட்டோம்.

அன்புடன்,
சுமதி