நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள்: சிங்கப்பூர் சீன மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சீன வைத்தியர்களான சின்சேமார்களே, மருந்துக்கடை முதலாளிகளே, வணக்கம்.

நான் தோ பாயோவில் வளர்ந்தவன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சீன மருந்துக்கடை இருந்தது. இருமல் வந்தால் அம்மா என்னை அங்கேதான் அனுப்புவார். கடைக்கார அங்கிள் சின்னச் சின்ன இழுப்பறைகளைத் திறந்து, கைத்தராசில் நிறுத்து, தாளில் மடித்துத் தருவார். தேக்காவின் நாட்டு மருந்துக்கடையும் அதுவும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. உங்கள் மருத்துவத்தின் மேல் மரியாதை அப்போதே வந்துவிட்டது. அந்த உரிமையில், ஆண்மைக் குறைவுக்கு மருந்து தேடுபவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு ஒரு காலை, என் பெரியப்பாவை எழுப்ப முடியவில்லை. சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. விரலைக் குத்திப் பார்த்தால், இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அவருக்கோ சர்க்கரை நோயே கிடையாது. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர்கள் கேட்டபோது பெரியம்மா, சோறும் ரசமும் என்றுதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து பெரியப்பாவின் பர்ஸில் ஒரு கேப்ஸ்யூல் அட்டை கிடைத்தது. மேலே சீன எழுத்துகள், ஒரு வேரின் படம். ஆண்மைக்கு என்று ஏதோ பின்சந்தில் யாரோ விற்றது. பெரியப்பா பிழைத்தார். ஆனால் அதன்பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு நிலைக்கவே இல்லை.

அந்த ஆண்டு ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் 150 பேர் இப்படி ஐந்து பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏழு பேர் கோமாவிலேயே கிடந்தார்கள். ஏழு பேர் கோமாவிலேயே கிடந்தார்கள். பிடிபட்ட நான்கு வகை மருந்துகளில் ஒன்று, பிரபல ஆண்மை மாத்திரை ஒன்றின் போலி. மற்ற மூன்றும் மூலிகை மருந்து என்ற பெயரில் விற்றவை. உள்ளே இருந்ததோ கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான மருந்து. அதன் வழக்கமான மாத்திரை 5 மில்லிகிராம். இவற்றில் 13 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தது.

அவற்றை விற்றது நீங்கள் இல்லை. ஆனால் அந்த அட்டைகள் உங்கள் மருத்துவத்தின் வேடத்தில்தான் வந்தன. அதோடு, இந்தச் சங்கடம் வந்த ஆண்களில் எத்தனையோ பேர் உங்கள் கடைவாசலில்தான் வந்து நிற்கிறார்கள். பாலிகிளினிக்கில் வாய்திறக்கக் கூச்சப்படுபவர், உங்களிடம் “உடம்புக்குத் தெம்பா ஏதாவது” என்றாலே போதும், உங்களுக்குப் புரிந்துவிடும்.

உங்கள் மருத்துவம் இதை அவசரமாகப் பார்ப்பதில்லை. 'ஷென்' பலவீனம் என்கிறீர்கள். தமிழில் அதைச் சிறுநீரகம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் நீங்கள் சொல்லும் ஷென், பிறவியிலேயே வந்த சத்தைச் சேர்த்து வைக்கும் இடமும்கூட. (இது தெரியாமல், கிட்னி போய்விட்டது என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்த நண்பர் எனக்கு உண்டு. தயவுசெய்து விளக்கிச் சொல்லுங்கள்.) யாங், அதாவது உடலின் சூடு, குறைந்தவருக்கு ஒரு மருந்து; யின், அதாவது குளிர்ச்சி, குறைந்தவருக்கு வேறு மருந்து. நாடியும் நாக்கும் பார்த்த பிறகே சீட்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்கின் ஷென் ச்சி வான் உருண்டையில் எட்டுச் சரக்கு. அதில் ஒன்றான ஃபூசு, நம் வச்சநாபிக்கு உறவுச்செடி. பக்குவம் செய்யாமல் தின்றால் இதயத்தையே நிறுத்திவிடும். எங்கள் சித்த மருத்துவர்களும் வச்சநாபியைச் சுத்தி செய்யாமல் சேர்க்கமாட்டார்கள். இவ்வளவு பக்குவம் பார்த்தும், அது வாரக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து.

இதே சங்கடத்துக்கு நீங்கள் கொடுக்கும் யின் யாங் ஹுவோ இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இகாரின் என்ற பொருள், வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் தடுக்கும் அதே நொதியை ஆய்வுக்கூடத்தில் தடுக்கிறது; ஆனால் வலு குறைவு. மனிதர்களிடம் நன்றாக நடத்திய பெரிய ஆய்வுகளும் போதாது. சரி, அப்படியானால் அரை மணி நேரத்தில் வேலை செய்கிற 'மூலிகை' கேப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கும்? எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். அந்த நைட்ரேட்டோடு, ஒளித்துச் சேர்த்த சில்டெனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு கடைசியாக எப்போது பார்த்தார் என்றும் கேளுங்கள். ஆணுறுப்பின் இரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பேகூட. இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம். ஆகவே எங்கள் ஆள் வந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் மருந்து அதுவரை காத்திருக்கும். பேர் தெரியாத அட்டைகளைக் கொண்டுவந்து யாராவது கடையில் வைக்கச் சொன்னால், சுகாதார அறிவியல் ஆணையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா அந்தச் சந்துக்குப் போன வழியில் சீன மருந்துக்கடைகள் மூன்று இருந்தன. ஒன்றிலும் ஏறவில்லை. “எல்லாரும் நிற்கும்போது எப்படிடா கேட்பது” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கடைக்கு உள்ளே, மருந்துச் சாடிகளுக்குப் பின்னால், ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

அன்புடன்,
தோ பாயோவில் வளர்ந்த உங்கள் வாடிக்கையாளன்