தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் தாதியரும் வைத்தியசாலைக் காட்சிகளும்: கோரிக்கை மனு

கொழும்பு

செயலாளர் அவர்கள்,
சுகாதார மற்றும் வெகுஜன ஊடக அமைச்சு,
'சுவசிரிபாய',
கொழும்பு 10.

மதிப்புக்குரிய ஐயா,

அரச தமிழ் அலைவரிசைகளுக்கான நாடகங்களின் வைத்தியசாலைக் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் பார்வையிட ஒழுங்கு செய்யக் கோருதல்

கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தமிழ் பேசும் தாதிய உத்தியோகத்தர்களாகிய நாங்கள் இம்மனுவைத் தங்களின் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம். சுகாதாரமும் வெகுஜன ஊடகமும் இப்போது ஒரே அமைச்சின் கீழ் இருப்பதால், இரண்டு கந்தோர்களுக்கு ஏறி இறங்க வேண்டிய விடயத்தை ஒரே மேசைக்குக் கொண்டுவர முடிந்திருக்கிறது.

நாடகத்தில் வரும் தாதியைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். டொக்டருக்குப் பின்னால் தட்டேந்தி நிற்பார். "டொக்டர், பேஷண்டுக்கு நினைவு வந்திட்டுது" என்று ஓடிவருவார். அதுவும் இல்லாவிட்டால் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு தொட்டில் குழந்தையை மாற்றி வைப்பார். ஆண் தாதியர் என்று ஒரு கூட்டம் வெள்ளைச் சீருடையில் நாடெங்கும் வேலை செய்வது எந்தக் கதாசிரியருக்கும் தெரியாது போலும். தள்ளுவண்டி தள்ளும் சிற்றூழியர், பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சி எல்லோருக்கும் நாடகத்தில் பெயர் 'நர்ஸ்'தான். இவை மனத்தை நோகச் செய்கின்றன, உண்மை. ஆனாலும் கேலியைப் பொறுத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். பொறுக்க முடியாதது வேறு: திரையில் பார்த்த பிழையை நம்பி உறவினர்கள் கட்டிலருகே அதைச் செய்துபார்க்கிறார்கள்.

கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்த நோயான டெங்குவையே எடுத்துக்கொள்வோம். நாடகத்தில் நோயாளிக்குக் காய்ச்சல்; தாதி ஊசி போடுகிறார்; அடுத்த காட்சியில் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டுட்டுது, கடவுளே" என்கிறாள்; பின்னணியில் புல்லாங்குழல். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குப் பிறகு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கதைப்பார், வீட்டுக்குப் போகக் கேட்பார். பார்ப்பவருக்கு நல்ல சுகம் போலத் தெரியும்.

அந்த மணித்தியாலங்களில் தாதி செய்வது இதுதான். மணிக்கொரு தடவை நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் எடுக்க வேண்டும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்க்க வேண்டும். 100க்கு 80 என்றால் இடைவெளி 20 மட்டுமே. மேல் எண் 100 ஆக இருக்கிறதே என்று ஆறுதலடைய முடியாது, உடனே டொக்டரை அழைக்க வேண்டும். விரல் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். கை கால் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரை அளக்க வேண்டும்: 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிலீட்டராவது போக வேண்டும். அதே 50 கிலோக்காரருக்கு ஆபத்துக் கட்டம் முழுவதற்கும், வாயாலும் ஊசிவழியாகவும் சேர்த்து, 4600 மில்லிலீட்டர்தான் நீர்க்கணக்கு. குறைந்தால் இரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலை வரும். கூடினால் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நீர் தேங்கி மூச்சுத் திணறும்.

இந்தக் கணக்கைக் குழப்புவது பெரும்பாலும் அன்பு. பார்வையாளர் நேரத்தில் கொண்டுவந்த செவ்விளநீரோ பப்பாளி இலைச் சாறோ தாதிக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். சில நூறு மில்லிலீட்டர் கணக்கில் ஏறாமலே போகும். கேட்டால், "கொஞ்சம்தானே மிஸி" என்பார்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேறொரு சிக்கல்: வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரிக்க முடியாது. ஒரு தாதி நீர்க்கணக்கு எழுதும் டெங்குப் படிவத்தோடு வந்து, "கடைசியா எத்தனை கப் குடிச்சீங்க? எத்தனை மணிக்கு?" என்று கேட்கும் ஒரேயொரு காட்சி நாடகத்தில் வந்தால் போதும். சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

சேலைன் அடுத்தது. திரையில் அது குழாய்த் தண்ணீர் போல ஓடும். 500 மில்லிலீட்டர் போத்தல் நான்கு மணித்தியாலத்தில் முடிய வேண்டுமென்றால், 20 துளி ஒரு மில்லிலீட்டராகும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. அதைக் கடிகாரம் பார்த்து எண்ணித்தான், குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைப் பொருத்துகிறோம். "மெதுவாப் போகுது" என்று உறவினர் அந்தச் சக்கரத்தைத் திருப்பிவிடுவது வாட்டில் அரிதான காரியமல்ல. இருதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அது விஷமாகும்.

மொனிட்டரில் நேர்கோடு வந்ததும் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை எழுப்பும் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடச் சொல்லுங்கள். இதயம் ஒழுங்கற்றுத் துடிதுடிக்கும் சில நிலைகளுக்கே மின்னதிர்ச்சி. நேர்கோட்டுக்கு அது பயன்படாது. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் கொடுப்பதுமே சிகிச்சை. நாடகத்தில் தாதி டொக்டரைத் தேடி நடையோரமாக ஓடுகிறார். வாட்டில் அவர் கட்டிலை விட்டு நகர மாட்டார். உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு அங்கேயே அழுத்தத் தொடங்குவார். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழம், முழங்கை மடியக் கூடாது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். உயிருள்ள நடிகரின் நெஞ்சில் இப்படி அழுத்தினால் விலா எலும்பு போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். நடிகரின் முகத்தை ஒரு ஷொட்டிலும், பயிற்சிப் பொம்மையின் மீது கைகளை இன்னொரு ஷொட்டிலும் எடுத்து ஒட்டலாம். தாதியர் பயிற்சிக்கு அப்படிப்பட்ட பொம்மைகள் பாவிக்கப்படுகின்றன.

ஊசி போடும் காட்சிக்குக் கூடுதலாகப் பத்து விநாடி தேவை, அவ்வளவுதான். மருந்துக் குப்பியை எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, கொடுக்குமுன் என மூன்று தடவை பெயர் வாசிக்கப்படுகிறது. நோயாளியிடம் பெயர் கேட்டு அவரது டிக்கெட்டோடு, அதாவது சிகிச்சை விவரம் எழுதும் ஏட்டோடு, ஒப்பிடப்படுகிறது. கைகளில் கிருமிநீக்கித் திரவம் தேய்ப்பதற்கு 20 முதல் 30 விநாடி. இரத்தம் ஏற்றுவதாயின் இருவர் சேர்ந்து பையைச் சரிபார்க்கிறார்கள். முதல் 15 நிமிடம் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறார்கள். ஒரு பை நான்கு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். குழந்தை மாற்றும் கதைக்காரர்களுக்கு ஒரு சொல்: பிறந்தவுடனேயே அடையாளப் பட்டி கட்டப்படுகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது பின்வருமாறு. நேத்ரா, வசந்தம் ஆகிய அரச அலைவரிசைகளுக்காக இங்கு தயாரிக்கப்படும் தமிழ் நாடகங்களில் வைத்தியசாலைக் காட்சி இருந்தால், அந்தப் பக்கங்களை மட்டுமாவது அனுபவமுள்ள தாதிய உத்தியோகத்தர் ஒருவர் முன்கூட்டி வாசிக்க வேண்டும். முழுக் கதையும் எங்களுக்கு வேண்டாம். யார் யாரைக் கலியாணம் கட்டுகிறார் என்பதில் நாங்கள் தலையிட மாட்டோம். ஐந்தாறு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போதும். படப்பிடிப்பு நாளில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தால் அவருக்குக் கடமை லீவு வழங்கும்படி சுற்றுநிருபம் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வாட்டுப் பொறுப்பாளரால் ஆளை விட முடியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தியாவிலிருந்து வாங்கி ஒளிபரப்பும் தொடர்களை மாற்ற முடியாது. அவற்றில் மேற்சொன்ன பிழைகள் வரும் இடத்தில், திரையின் அடியில் ஒரு வரி எழுத்து ஓட விடலாம். பிறமொழி நாடகங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும்போது தாதி, மருத்துவிச்சி, சிற்றூழியர் என்ற சொற்களைப் பிரித்துப் பாவிக்கும்படி ஒரு சிறு சொற்பட்டியலைத் தயாரித்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

மேலும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏப்ரலிலும், ஆண்டிறுதி மழைக்கு முன் ஒக்டோபரிலும், ஐந்து நிமிட நிகழ்ச்சிகளுக்கு மாலை நேரத்தில் இடம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். டெங்குப் படிவம், சேலைன் சக்கரம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கை நோயாளியைப் புரட்டும் முறை என்று ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு விடயம். நடிகர்கள் தேவையில்லை. நோயாளிகளைப் படம் பிடிக்கவும் கூடாது. ஒரு வெற்றுக் கட்டிலும் ஒரு பொம்மையும் இருந்தால் செய்துவிடலாம்.

இது பற்றிக் கலந்துரையாட அழைப்பதாயின், பிற்பகல் 2 மணிக்குப் பிந்திய நேரத்தைத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். காலை முறை 1 மணிக்கு முடிந்தாலும், அடுத்த முறையினரிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைத்துவிட்டே வாட்டை விட்டு வெளியே வரலாம். இரவுக் கடமை முடித்து காலை 7 மணிக்கு இறங்குபவர்களைக் கூட்டத்துக்கு அழைக்காதிருப்பது நல்லது. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவர்கள் தூங்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழே ஒப்பமிட்டுள்ள தாதிய உத்தியோகத்தர்கள்