போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

ரம்மி, கிரிக்கெட் செயலி விளம்பரங்களில் தோன்றிய நடிகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும்,

வணக்கம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதை உங்கள் வக்கீல்கள் அன்றே சொல்லியிருப்பார்கள். சத்தமில்லாமல் விலகிக்கொண்டீர்கள். சரி. போகும்போது எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன வாரம் என் அக்கா வீட்டுக்கு ஏல நோட்டீஸ் வந்தது. 9 பவுன். "அவசரம், மூன்று மாதத்தில் மீட்டுவிடுவேன்" என்று அத்தான் வாங்கிப்போய் அடகு வைத்தது. இரண்டு வருடமாக அக்கா எல்லாக் கல்யாணத்துக்கும் கவரிங்தான் போட்டுப்போகிறாள். கழுத்தில் தடித்துச் சிவந்ததைப் பார்த்துச் சித்தி கேட்டபோது, "வேர்க்குரு" என்றாள். அப்புறம் பந்தி முடியும்வரை முந்தானையை இழுத்துப் போர்த்தியபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கே அன்று விளங்கவில்லை.

அத்தான் குடிக்க மாட்டார். தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்; டீக்குக் கொடுத்த 10 ரூபாயைக்கூட டைரியில் குறித்துவைப்பார். முதலில் செயலி கொடுத்த போனஸில் ஆடி 1,200 ரூபாய் ஜெயித்தார். அதன்பின் நள்ளிரவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஆடியிருக்கிறார். "ஏன் அத்தான் இப்படி?" என்று கேட்டேன். "சூதாட்டமாக இருந்தால் அவ்வளவு பெரிய ஆள் வந்து ஆடச் சொல்வாரா?" என்றார். அவர் சொன்ன பெயர் உங்களில் ஒருவருடையது.

அதனால்தான் கேட்கிறேன். அன்று ஆடச் சொன்ன அதே முகத்தோடு, அதே கேமரா முன் வந்து, "ஆடாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

ரம்மி திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது உண்மைதான். அத்தானுக்குத்தான் திறமை போதவில்லை போலும். அரசையும் சும்மா விடுவதற்கில்லை. 2023 அக்டோபரிலிருந்து, கட்டிய பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி என்று தன் பங்கை வாங்கிக்கொண்டுதானே இருந்தது? ஆண்டுக்குச் சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று தடை கொண்டுவரும்போது அதே அரசுதான் கணக்கும் சொன்னது. விளம்பரங்களில் உங்களுக்கு வந்த சம்பளம் யார் வீட்டு நகை என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

தடை வந்ததும் அத்தான் திருந்திவிடுவார் என்று நம்பினோம். "மூடாமல் இருந்திருந்தால் விட்டதைப் பிடித்திருப்பேன்" என்கிறார். இப்போது டெலிகிராமில் யாரோ அனுப்பிய வெளிநாட்டுச் செயலியின் லிங்க் அவர் போனில் இருக்கிறது. அக்கா அழுதும் கேட்கவில்லை, நான் கத்தியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார், ஒருமுறை கேட்டவர்தானே.

பெரிய வசனம் எதுவும் வேண்டாம். விளம்பரத்தின் கடைசியில், பண இழப்பு அபாயம் உண்டு, அடிமையாகலாம் என்று ஒரு குரல் மூச்சுவிடாமல் ஓடுமே, அதை மட்டும் உங்கள் குரலில், தயவுசெய்து, நிதானமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மைத்துனன்