கரும்பும் ஜிகினாவும் வார்டுக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் முடியும்வரை வேலூரில் கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுவினர் என்று பலரும் மருத்துவமனை வார்டில் இருக்கும் நோயாளிக் குழந்தைகளுக்குக் கைவேலை நிகழ்ச்சி நடத்த முன்வருகிறார்கள். புற்றுநோய், தலசீமியா என்னும் ரத்தநோய், சிறுநீரகக் கோளாறு என்று மாதக்கணக்கில் இங்கேயே தங்கியிருக்கும் பிள்ளைகளும் இதில் உண்டு. வருகிறவர்களின் மனசில் குறை இல்லை. கொண்டுவரும் பையில்தான் குறை.

பொங்கல் என்றதும் கை முதலில் போவது கரும்பு, வேரோடு மஞ்சள் கொத்து, பூ, மண்பானை. கிறிஸ்துமஸ் என்றால் குடிலுக்கு வைக்கோல். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு ரத்தத்தில் குறைந்த பிள்ளைக்கு இவை எதுவும் ஆகாது. மண்ணிலும் வைக்கோலிலும் இருக்கும் பூஞ்சை வித்துகள் நமக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. அந்தப் பிள்ளையின் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பூ வைத்த தண்ணீரிலும் கிருமி வளரும். கரிகிரி மண்பாண்டம் நம் ஊருக்குப் பெருமைதான், ஆனால் பிசையும் களிமண்ணுக்கு இந்த அறையில் இடமில்லை. ஜிகினாத் தூள் கண்ணிலும் ஊசிக் கட்டிலும் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பலூன், பலமுறை அறுவை சிகிச்சையான பிள்ளைகள் சிலருக்கு ஒவ்வாமை தரும். மைதாப் பசை சீக்கிரமே பூசணம் பிடிக்கும். பட்டன் பேட்டரி போட்ட குட்டி விளக்கை ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால் அது தனி அவசரம். குண்டூசி, ஸ்டேப்ளர் கூடாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்த பிள்ளைக்குச் சின்னக் கீறலிலும் ரத்தம் எளிதில் நிற்காது.

அப்புறம் என்னதான் செய்வது? காகிதமும் ஸ்டிக்கர் பொட்டும் போதும். கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம், பொங்கலுக்குக் கோலம்.

22க்கு 28 அங்குல சார்ட் தாள் ஒன்றில் 7 அங்குலச் சதுரம் 12 வரும். 3 நிறத்தில், நிறத்துக்கு ஒரு சார்ட் வாங்கினால் 36 நட்சத்திரம். 20 பிள்ளைகள் என்று வார்டில் சொன்னால் 30 பேருக்குத் தயாராகுங்கள். கூடவே அண்ணன், தங்கை வந்து நிற்பார்கள், அவர்களை வெறுங்கையோடு உட்காரவைப்பது பாவம். ஐந்து முனை நட்சத்திரத்தை முந்தின நாளே வெட்டிவிட வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்கேலும் வைத்து, ஐந்து முனையிலிருந்து நடுவுக்கு ஐந்து கோடு, ஐந்து உள்மூலையிலிருந்து நடுவுக்கு ஐந்து கோடு அழுத்துங்கள். முனைக் கோடுகள் மேடாகவும் உள்மூலைக் கோடுகள் பள்ளமாகவும் மடியும்போது நட்சத்திரம் புடைத்து எழும். ரொம்ப அழுத்தினால் மடிப்பில் கிழியும். எல்லாக் கோட்டையும் ஒரே பக்கமாக மடிப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடம். நட்சத்திரம் கிண்ணம் போலக் குவிந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. நீங்களே ஒருமுறை சரியாக மடித்து, மறுபடி விரித்துத் தட்டையாக்கி வையுங்கள். தாளுக்குத் திசை பழகிவிடும். லேசாகக் கிள்ளினாலே எழும். வின்கிறிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைகளுக்கு விரல் மரத்துப்போய்ப் பிடி தளர்ந்திருக்கலாம். அவர்களுக்கு இந்த முன்மடிப்புதான் எல்லாமே.

ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப். ஒவ்வொரு துண்டின் மேல்தாளிலும் ஒரு மூலையை முன்பே மடித்து வைக்காவிட்டால் மரத்த விரலால் உரிக்க முடியாது; பிள்ளை இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுத் தள்ளிவைத்துவிடும்.

கோலத்துக்குக் கறுப்பு சார்ட்டை நான்காக வெட்டுங்கள். 8 சார்ட்டில் 32 துண்டு. கோலப்பொடி தூசி பறக்கும், அதனால் புள்ளிக்கு வெள்ளை ஸ்டிக்கர் பொட்டு, கோட்டுக்குத் தடித்த வெள்ளை கிரேயான். 1-3-5-3-1 நேர்ப்புள்ளிக்கு 13 பொட்டு. சிதறுவதற்கும் சேர்த்து ஆளுக்கு 20. கோடு வளைக்கக் கை வராத பிள்ளை புள்ளியோடு நிறுத்தினாலும் கோலம் கோலம்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால் பொட்டு அட்டை பெரியவர் கையில் இருக்கட்டும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொங்கலுக்கு ஏறக்குறைய அதே நாளில் பௌஷ் சங்கராந்தி என்னும் அறுவடைத் திருநாள். மாவுக் கரைசலில் போடும் ஆல்பனா அவர்கள் ஊர்க் கோலம். மொழி தெரியவில்லையே என்று தவிக்காதீர்கள். ஒரு அட்டையில் வெட்டியது, மடித்தது, முடித்தது என்று மூன்று நிலையையும் ஒட்டிக் காட்டினால் வாயே திறக்க வேண்டாம். அம்மா கிரேயானை வாங்கித் தானே போட ஆரம்பித்தால் தடுக்கவும் வேண்டாம்.

ஊசி குத்திய கை மடங்காது. ஒரு கையால் வேலை செய்யும் பிள்ளைக்குப் பரீட்சை அட்டைதான் இன்னொரு கை. தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் நகராது. படுக்கையில் இருப்பவருக்கு அதுவே மேஜை. பத்து அட்டை எடுத்துப் போங்கள், ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கியதும் துடையுங்கள். மற்றதெல்லாம் ஆளுக்கு ஒரு ஜிப் கவரில் தனித்தனியாக. தனியறைப் பிள்ளைக்கு நர்ஸ் கையில் கொடுத்தனுப்புங்கள். உள்ளே போனது திரும்பி வரக்கூடாது. கத்தரிக்கோல் தன்னார்வலரிடம் மட்டும், அதுவும் எண்ணி: நாலு போனால் நாலு வர வேண்டும்.

சளி, காய்ச்சல், கண்வலி, வயிற்றுப்போக்கு இருப்பவர் வர வேண்டாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவும். ஒட்டியது வெளிப்பட 21 நாள்கூட ஆகலாம். ஆகவே மூன்று வாரத்துக்குள் உங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், நீங்கள் நன்றாக இருந்தாலும், இந்தத் தடவை சார்ட் வெட்டிக் கொடுப்பதோடு நில்லுங்கள். வருகிறவர்கள் மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவிட்டுக் கை கழுவுங்கள். முறுக்கு, கேக் எதுவும் வேண்டாம். டயாலிசிஸ் பிள்ளைக்குத் தண்ணீர்கூட அளந்துதான். என்ன நோய் என்று கேட்காதீர்கள். பெற்றோரும் மருத்துவமனையும் சம்மதிக்காமல் செல்போன் கேமராவைத் திறக்காதீர்கள். வார்டு சிஸ்டர் சொல்வதே முடிவு, இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நாற்பது நிமிஷம் போதும், இரண்டு பிள்ளைக்கு ஒருவர். நடுவில் ரத்தம் எடுக்கக் கூப்பிடுவார்கள், பாதி மடித்த நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு ஒரு பிள்ளை எழுந்து போகும். அதைக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, மீதிப் பொட்டையும் சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

தன்னார்வலர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர்.