மரியா ஆல்ட்மனின் நடு வருஷங்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். ஆனாலும் மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தபின் தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை.

கடைசிப் பக்கத்தில், “சமைத்தேன், பிள்ளைகளை வளர்த்தேன், வேறு என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து ஒரு பெண்மணியின் நினைப்பாகவே இருக்கிறேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

மரியா ஆல்ட்மன். 1916 பிப்ரவரியில் வியன்னாவில் பிறந்து, 2011 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். இன்னும் பதினொரு நாள் இருந்திருந்தால் 95 முடிந்திருக்கும். ஓவியர் கிளிம்ட் வரைந்த தங்க ஓவியத்துக்காக ஆஸ்திரிய அரசையே எதிர்த்து ஜெயித்தவர் என்றுதான் அவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் போராட்டம் ஏழெட்டு வருஷம் நடந்தது. தொடங்கும்போது அவருக்கு வயது 82. அதற்கு முன் வாழ்ந்ததையெல்லாம் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த நாலு வரியில்தான் மனம் நிற்கிறது.

வசதியான யூதக் குடும்பம். அண்ணனும் தம்பியும் அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்ட வீடு. அந்தத் தம்பி பெர்டினான்ட், மரியாவின் சித்தப்பா, சர்க்கரை ஆலை முதலாளி. அவர் மனைவி அடேலைத்தான் கிளிம்ட் 1907இல் தங்கத் தகடு ஒட்டி வரைந்து முடித்தார். சித்தி 1925இல் மூளைக்காய்ச்சலில் இறந்தபோது மரியாவுக்கு எட்டு வயது. சித்தியின் அறையை அவர் நினைவாக அப்படியே வைத்திருந்தார் சித்தப்பா. ஓவியங்களும் அங்கேதான் இருந்தன. அந்த வீட்டுக்குப் போய்வந்து வளர்ந்த பெண் மரியா.

1937 டிசம்பரில் பிரிட்ஸ் என்ற பாடகரோடு கல்யாணம். சித்தப்பா, சித்தியின் வைர நெக்லஸைச் சீதனமாகக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்துவிட்டது. நெக்லஸ் நாஜித் தலைவர் கோரிங்கிடம் போனது. பிரிட்ஸின் அண்ணனுடைய துணி ஆலையை எழுதி வாங்குவதற்காகப் பிரிட்ஸைப் பிடித்து டாஹவ் வதை முகாமில் அடைத்தார்கள். அந்த வருஷமே அப்பாவும் இறந்தார். கணவர் விடுதலையான பிறகும் வீட்டைச் சுற்றிக் காவல். எப்படியோ தப்பித்து, இரவில் முள்வேலியைக் கடந்து ஹாலந்துக்குள் போனார்கள். அப்போது அவருக்கு 22 வயது நிறைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாம் அந்த வயதில் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்.

அங்கிருந்து இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா. 1942இல் லாஸ் ஏஞ்சலஸ். மூன்று பையன்கள், ஒரு பெண். பாடகராக இருந்த பிரிட்ஸ் விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். வேலைக்காரர்கள் இருந்த வீட்டில் பிறந்த பெண், சமையல், துவையல், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். இங்கிலாந்தில் மறுபடி தொழில் தொடங்கியிருந்த மைத்துனர், அமெரிக்கர்களுக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதற்காக மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை அனுப்பினார். மரியா அதைப் பெவர்லி ஹில்ஸில் ஒரு பெரிய கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு பல வருஷம் வீட்டிலேயே துணி வியாபாரம் செய்தார்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். வியன்னாவிலிருந்து தப்பி வந்த இசையமைப்பாளர் எரிக் ஸைஸல் குடும்பமும் அதே ஊரில் இருந்தது. அவர் மனைவி ட்ரூடும் மரியாவும் நல்ல சிநேகிதிகள். சித்தப்பா வீட்டுக் கிளிம்ட் ஓவியங்களை நாஜிகள் பறித்திருந்தார்கள்; பிறகு அவை அடேல் கொடுத்த தானம் என்று சொல்லி ஆஸ்திரிய அரசு வைத்துக்கொண்டிருந்தது. 1998இல் ஆஸ்திரியா, நாஜிகள் காலத்தில் கொள்ளை போன பொருள்களைத் திருப்பித் தரச் சட்டம் கொண்டுவந்தது. செர்னின் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, அந்த ஓவியங்கள் அடேல் கொடுத்த தானம் இல்லை என்று காட்டினார். அப்போது மரியா தேடிப் போனது பெரிய வக்கீல் யாரையும் இல்லை. ட்ரூடின் பேரனைத்தான். ராண்டல் ஷூன்பர்க்குக்கு அப்போது 32 வயதுதான். இசையமைப்பாளர் அர்னால்ட் ஷூன்பர்க்குக்கும் அவர் பேரன். அந்த வழக்குக்காக இருந்த வேலையையே விட்டார். ஊர் விட்டு வந்த இரண்டு பெண்கள் பல வருஷம் பேணிய சிநேகிதம்தான் கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வந்தது. இதைச் சாதாரணம் என்று என்னால் நினைக்க முடியவில்லை, தோழி.

வழக்கை நான் விரித்து எழுதப் போவதில்லை. ஆஸ்திரியாவில் போட நீதிமன்றக் கட்டணமே தாங்க முடியாத அளவுக்கு இருந்ததால் அமெரிக்காவில் போட்டார்கள். 2004 ஜூனில், வேற்று நாட்டு அரசாக இருந்தாலும் வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு வியன்னாவிலேயே நடுவர்கள் விசாரித்து, 2006 ஜனவரியில் தங்க ஓவியத்தோடு சேர்த்துக் கிளிம்டின் ஐந்து ஓவியங்கள் குடும்பத்துக்கே என்றார்கள். சித்தியின் தங்க ஓவியம் 135 மில்லியன் டாலருக்குப் போனதாகச் செய்தி வந்தது. பணம் வாரிசுகள் எல்லோருக்கும் பிரிந்தது. மரியா கடைசி வரை அதே பழைய வீட்டில்தான் இருந்தார்.

மகளோடு நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் நோயே காலரிக்குப் போய் அந்த ஓவியத்தைப் பார்த்தேன். கூட்டமாக நின்று எல்லோரும் தங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடேலின் கைகள்மேலேயே கண் போனது. ஒரு கையை இன்னொரு கையால் பற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கைகளை நேரில் பார்த்த சிறுமிதானே 82 வயதில் துணிந்து கிளம்பினார் என்று தோன்றியது. வீடு, வியாபாரம், பிள்ளைகள் என்று இருந்த அத்தனை காலமும் அவர் எதையும் மறக்கவில்லை.

அதனால் இனி “ஒன்றுமில்லை” என்று எனக்கு எழுதாதே. நீ வீட்டு மாடியில் சேலை வைத்து விற்றாயே, யார் எத்தனை தவணை பாக்கி என்று ஒரு நீல நோட்டில் எழுதுவாயே, அந்த நோட்டு இருக்கிறதா? இருந்தால் பரணில் போட்டுவிடாதே. முதல் சேலையை யாரிடம் வாங்கி, யாருக்கு விற்றாய்? உன் மாமியார் என்ன சொன்னார்? அடுத்த கடிதத்தில் அதை விவரமாக எழுது, நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முன் உன் ஊர்ப் பக்கம் வரப் பார்க்கிறேன்.

மற்றவை நேரில்.

உன் பழைய தோழி