அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வண்டிதான் எல்லாம், ஓட்டுகிறவர் பேருக்குத்தான் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோவை கணபதியில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் நான். வண்டியின் அருமை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனை ‘கடைசி வரிசை ஓட்டுநர்’ என்று ஒரே வரியில் முடித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

2005 மார்ச், மெல்போர்ன். நரேனின் முதல் பந்தயம். ஜோர்டான் அணியின் வேகமில்லாத வண்டி. யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்கிற தகுதிச் சுற்றில் அப்போது ஒவ்வொருவராகத்தான் ஓட வேண்டும். இடையில் மழை பிடித்துக்கொண்டது. யாருக்கு எவ்வளவு ஈரம் வாய்த்தது என்பதில் அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. முடிவில் நரேன் 12ஆவது. ரெனோ அணியில் வந்த அலோன்சோ 13ஆவது. ஜோர்டானின் இன்னொரு வண்டியில் மொன்டேரோ 14ஆவது. பந்தயத்தில் அலோன்சோ மூன்றாவதாக வந்தார், நரேன் 15ஆவது. அலோன்சோ பெரிய ஓட்டுநர் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த அலோன்சோதான் 2015இல் வேகமில்லாத மெக்லாரன்-ஹோண்டா வண்டியை, முதல் பந்தயம் தவிர வருடம் முழுக்க ஓட்டி 11 புள்ளிகள்தான் எடுத்தார். அவரையும் கடைசி வரிசை என்போமா?

2020 டிசம்பரில் பஹ்ரைனில் நடந்தது இன்னும் தெளிவு. வில்லியம்ஸ் அணியில் பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஜார்ஜ் ரஸ்ஸலை, முன்னணி அணியான மெர்சிடிஸின் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்ததால் அவருடைய வண்டியில் உட்கார வைத்தார்கள். உள்ளே கால் அடங்காமல் ஓர் அளவு சிறிய ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். தகுதிச் சுற்றில், அந்த வண்டியிலேயே பழகிய போட்டாஸைவிட 0.026 விநாடிதான் பின்தங்கினார். பந்தயம் கிளம்பியதுமே அவரை முந்தி முன்னணிக்குப் போய்விட்டார். அணி தவறுதலாகப் போட்டாஸின் டயரை இவர் வண்டியில் மாட்டியதும், பின்னால் ஒரு பஞ்சரும் சேர்ந்து ஒன்பதாவதாகத் தள்ளிவிட்டன. முந்தின வாரம் வரை இவர் எங்கே இருந்தார் என்று யோசியுங்கள்.

என் கடைக்கு ஒரே மாடல் டாக்ஸி இரண்டு வரும். ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் கிளட்ச் பிளேட் ரிவெட் தெரியுமளவு தேய்ந்திருக்கும். இன்னொன்றில் பாதிகூடத் தேய்ந்திருக்காது. ஓட்டுகிறவரின் கால் அங்கேதான் தெரியும், வேறு வேறு வண்டிகளைப் பக்கத்தில் வைத்தால் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் முதல் மூன்று பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வோர் அணியின் இரண்டு ஓட்டுநர்களும் தகுதிச் சுற்றில் எடுத்த நேரத்தை அருகருகே போடுங்கள். பத்துப் பதினொரு வரிதான் ஆகும். கடைசி அணிக்கும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப்காரர், கணபதி, கோவை