மாப்ள, ஊரக் காலி பண்ணல, பனிக்காலத்துக்கு மட்டும்தான்

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். ரெண்டு கிழவனும் செங்கோட்டைய விட்டுட்டு தாய்லாந்துக்கே போறியளாமேன்னு கேட்டிருந்த, எவம்ல சொன்னான்? நவம்பர் கடைசில கிளம்பி ஜனவரி முடியுறதுக்குள்ள வந்துருவோம், மிச்ச நாள் பூரா இங்கதான். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா என்னைய இந்த ஊர விட்டு யாரு கிளப்ப முடியும். என்னோட குடித்தனம் பண்ற நம்ம கேரளாக்கார சேட்டனுக்கும் அப்படித்தான், ஆரியங்காவு கணவாய் காத்து மூஞ்சில படலன்னா அவருக்கு அன்னிக்கு பொழுதே விடியாது.

ஏன் இந்த வயசுல இதுன்னு நீ கேக்கல, ஆனா உனக்கு தெரியணும். போன வருஷம் சேட்டனுக்கு நெஞ்சு வலி வந்து அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சேத்தேன்ல, அப்ப நான் உங்கிட்ட முழுசா சொல்லல. பேஷன்ட்டுக்கு நீங்க யாருன்னாங்க. ஒரே வீட்ல இருக்கோம்னேன். அதெல்லாம் வேண்டாம், ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்து போடட்டும்னுட்டாங்க. அவரு அக்கா மகன் கொல்லத்துல இருந்து வரணும், அவன் மாமா மூஞ்சியப் பாத்தே வருஷக்கணக்காச்சு. அவன் வர்ற வரைக்கும் ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல, அவர் வாட்சு, மோதிரம், கண்ணாடி, செருப்பு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு மடில வச்சிட்டு உக்காந்திருந்தேன். பில்லு கட்டுறப்ப மட்டும் சொந்தமா பந்தமான்னு ஒருத்தனும் கேக்கல பாத்துக்க, என் கார்ட தேச்சா போதும்னுட்டாங்க.

2018 செப்டம்பர்ல, ஆணும் ஆணும் சேர்றது குத்தம்னு இருந்த 377வது சட்டப்பிரிவுல இருந்து நம்மள விட்டப்ப பார்டர்ல புரோட்டாவும் கோழியும் தின்னு கொண்டாடினோம், நீயும் போன்ல கத்துன. அதோட எல்லாம் சரியாயிரும்னு நெனச்சோம். 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு கல்யாணம் எங்க வேலை இல்ல, பார்லிமென்ட்டு பாத்துக்கட்டும்னுட்டாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எங்க மாதிரி ஆளுங்க ஜாயின்ட் அக்கவுண்ட் தொறக்க தடையில்லன்னு மத்திய அரசு சொல்லுச்சு, 2025ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்லைன்னு சொல்லுச்சு, சந்தோஷம்தான். ஆனா சேட்டன் வாத்தியார் பென்ஷன் இருக்கே, அது அவரோட நின்னுரும், ஃபேமிலி பென்ஷன் எனக்கு ஒத்தப் பைசா வராது. என்னோடதும் அவருக்கு அப்படித்தான். (கேரளாவுல 56 வயசுலயே ரிட்டயர் பண்ணி அனுப்பிட்டாங்கன்னு இன்னும் புலம்புறாரு, நான் 60 வரைக்கும் பேங்க்ல குப்பை கொட்டுனேன், அது கண்ணுக்கு தெரியல.)

தாய்லாந்துல 2025 ஜனவரி 23ல இருந்து ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ணலாம். அங்க போய் முடிச்சிரலாமான்னு பேசினோம். அந்த பேப்பரோட கொச்சில வந்து எறங்கினா இங்க அதுக்கு மதிப்பு கெடையாது, அப்புறம் எதுக்குன்னு சேட்டன் சொல்லிட்டாரு. எனக்கு மனசுல இன்னும் ஒரு ஆசை இருக்கு, அத விடு. நேபாளமும் யோசிச்சோம், நமக்கு விசாவே வேண்டாம், ஆனா காத்மாண்டு குளிரு அவர் நெஞ்சுக்கு ஆவாது.

போன டிசம்பர்ல தாய்லாந்துக்கு வடக்க இருக்க சியாங் மாய் போய் பாத்துட்டு வந்தோம். ஒரு வீட்டுக்காரம்மா ரூம் காட்டுச்சு, அறுபது வயசு இருக்கும். ஒரு பெரிய கட்டிலா ரெண்டு சின்னதான்னு வெரலால காட்டி கேட்டுச்சு, ஒண்ணுன்னேன். சரின்னுட்டு கீஸர் சுவிட்ச் எங்க இருக்குன்னு காட்டப் போயிருச்சு. அவ்வளவுதான். மாப்ள, நான் வெளிய வந்து கொஞ்ச நேரம் பேசல.

சாப்பாடுதான் ரெண்டு பேருக்கும் தகராறு. தேங்காப்பால் ஊத்துறாங்க, மீன் கெடைக்குதுன்னு சேட்டனுக்கு குஷி, ஆனா கேரளா மட்டை அரிசி இல்ல, அவங்க அரிசி ஒட்டிக்கிட்டு கெடக்கு. நான் தோசை மாவு எங்க கெடைக்கும்னு தேடுறேன்.

விசா கதைய கேளு, நீயும் கோயமுத்தூர்ல ரிட்டயர் ஆகப் போற ஆளு. அம்பது தாண்டினவங்களுக்கு ரிட்டயர்மென்ட்னு வருஷா வருஷம் நீட்டிக்கலாம், அதுக்கு பணத்த காட்டுற வழில போனா அவங்க பேங்க்ல 8 லட்சம் பாட் கெடக்கணும், நம்ம காசுல 20 லட்சத்துக்கு மேல. கல்யாண பேப்பர் இல்லாததால ஆளுக்கு ஒரு 8 லட்சம். ரெண்டு மாசம் முன்னாடியே போட்டு வைக்கணும், எடுத்தாலும் பாதிக்கு கீழ போகக்கூடாது, நடுவுல ஊருக்கு வந்தா ரீ-என்ட்ரி பர்மிட் எடுத்துட்டு வரணும், இல்லன்னா நீட்டிச்சது அத்தோட போச்சு. ரெண்டு மாசம் இருக்கப்போறவனுக்கு இது எதுக்கு, டூரிஸ்டாவே போயிட்டு வருவோம். எத்தனை நாள் விடுவாங்கங்கிறத அவங்க மாத்திக்கிட்டே இருக்காங்க, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாத்துக்கணும். இங்கருந்து ஒருத்தர் வருஷத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அனுப்பினா டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி புடிக்க மாட்டாங்க, எங்க வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது தாராளம்.

ஏன் ஜனவரியோட வந்துருவோம்னா பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த பக்கத்துல காட்டையும் அறுத்த வயலையும் எரிப்பாங்க, பொகை மண்டி எதிர்ல இருக்க மலையே தெரியாதாம். நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளோட அங்க இருக்க முடியுமா.

இப்ப உங்கிட்ட ஒரு வேலை. நாங்க ரெண்டு பேரும் உயில் எழுதப் போறோம், வீடு எம்பேர்ல இருக்கு, நான் முந்திக்கிட்டா என் தம்பி பிள்ளைங்க சேட்டன வெளிய நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்கு. உசுரோட இருக்கும்போதே சொத்த எழுதிக் குடுக்குற செட்டில்மென்ட், குடும்பத்துக்குள்ளன்னா ஸ்டாம்ப் செலவு கம்மி, எங்களுக்கு அந்த சலுகை கெடையாது, அதான் உயில். சாட்சி ரெண்டு பேர் வேணும், உயில்ல பங்கு வாங்காத ஆளா இருந்தா நல்லது. ஒண்ணு நீ. இன்னொண்ணு தங்கச்சி போடுமான்னு கேளு, முப்பது வருஷமா சேட்டன் கையால பழம்பொரி தின்னுருக்கு, மாட்டேன்னு சொல்லாது. ஜூலை முதல் வாரம் வா, அருவில தண்ணியும் நல்லா விழும், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல காலைலயே டோக்கன் போட்டு வைக்கிறேன். ரெண்டு பேர் ஆதாரும் ஒரிஜினலா எடுத்துட்டு வா, ஜெராக்ஸ் மட்டும் கொண்டு வந்துட்டு நிக்காத.